ஐலி போட்ட துளை

ஒரே ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு ஒரு மனிதர் எத்தனை காலம் குடும்பம் நடத்த முடியும், சொல்லுங்கள் பார்க்கலாம்?

ஆர்வோ நடத்திக்கொண்டிருந்தார். கோடை முடிகிற சமயத்தில், படகுத்துறைப் பலகைகளைக் கழற்றிக் கரையேற்றும்போது அவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் வலது காலும் விழுந்துவிட்டன. பேச்சும் போயிற்று. போகிற அவசரத்தில் ஒரு சொல்லை மட்டும் மறந்து விட்டுவிட்டுப் போனதுபோல, ‘ஆமா’ மட்டும் மிஞ்சியது. காபி சூடா இருக்கா என்றால் ஆமா. ஆறிப்போச்சா என்றால் அதற்கும் ஆமா. ஜன்னலைச் சாத்தட்டுமா, திறக்கட்டுமா, எல்லாவற்றுக்கும் ஒரே பதில்தான். அவரே நினைத்தாலும் அதை நிறுத்த முடியாது. கேள்வி காதில் விழுந்த உடனே வாயிலிருந்து அது தானாக வழுக்கிக்கொண்டு வந்துவிடும். வந்தபிறகு, ‘நான் சொல்ல வந்தது இதில்லையே’ என்கிறமாதிரி முகம் சுருங்கும்.

பக்கத்து வீட்டு ஓரின் ஆஸ்பத்திரிக்குப் பார்க்க வந்தபோது கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டு கேட்டார்: “யோவ் ஆர்வோ, கரடிக்கால் ஏரியில உன்னைவிடப் பெரிய மீன்காரன் நான்தானே?”

“ஆமா.”

“கேட்டுக்குங்கம்மா நர்ஸம்மா, நீங்கதான் சாட்சி. இத்தனை வருஷ வழக்கு இன்னையோட தீர்ந்துச்சு.”

அன்றைக்கு ஆர்வோவின் இடது கண் சிரித்தது. அதற்குப் பிறகு சிரித்ததாக மனைவி ஐலிக்கு ஞாபகம் இல்லை.

வீட்டுக்கு வந்தபிறகு அவர் கட்டிலுக்கும் ஜன்னலோரத்து நாற்காலிக்கும் நடுவில்தான் வாழ்ந்தார். அந்தத் தூரத்தையும் ஐலிதான் தன் தோளைக் கொடுத்துக் கடக்க வைக்க வேண்டும். நடக்கப் பழக்க வந்த பெண்ணுக்கு ஆமா ஆமா என்று சொல்லிவிட்டு ஓர் அடிகூட எடுத்து வைக்கவில்லை. சாப்பாடும் குறைந்துபோயிற்று. ஏரி உறைந்ததும் மடியில் பைனாகுலரை வைத்துக்கொண்டு, பனிக்கட்டிமேல் மீன் பிடிக்க ஓரின் போட்டிருக்கும் துணிக்கூடாரத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்.

ஐலிக்கும் எழுபது தாண்டிவிட்டது. அவரைத் தூக்கித் தூக்கி இடுப்பு கழன்றுபோன மாதிரி இருந்தது. ராத்திரி அவர் புரண்டு படுத்தால் இவள் எழுந்து உட்கார்ந்துவிடுவாள். மகள் மார்சி போனவாரம் வந்து பார்த்துவிட்டு அழுதாள். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு காரியத்தில் இறங்கினாள். டவுனில் இருக்கிற முதியோர் இல்லத்தில் ஒரு படுக்கை காலியாகியிருந்தது.

“அப்பா, அங்க நல்லாப் பாத்துக்குவாங்க. நாள் பூரா ஆள் இருக்கும். போறீங்களாப்பா?”

“ஆமா.”

“பாத்தியாம்மா, அவரே சொல்லிட்டாரு.”

“அவரு எல்லாத்துக்கும் அதைத்தான் சொல்லுவாரு.”

“அப்ப வேற எப்படித்தான் அவரைக் கேக்கணும்ங்கற?”

உண்மையைச் சொன்னால், அந்த ‘ஆமா’வைக் கேட்டதும் ஐலிக்குள் ஏதோ ஒன்று கால் நீட்டிப் படுத்துக்கொண்டது. சரி, அவரே சொல்லிவிட்டார், நாம் சொல்லவில்லை என்று. அந்த நிம்மதிதான் இந்த வாரம் முழுவதும் அவளைக் குத்திக்கொண்டிருந்தது.

நாளைக் காலை மார்சி காரை எடுத்துக்கொண்டு வருகிறாள். பெட்டி கட்டி நடையில் வைத்தாயிற்று.

கடைசிச் சாப்பாடாக வீட்டில் அவருக்குச் சட்டிமீன் பொரித்துக் கொடுக்கலாம் என்று ஐலிக்குத் தோன்றியது. உள்ளங்கை அகலத்துக்கு இருக்கும், வயிறு மஞ்சளாக மின்னும். மாவில் புரட்டி வெண்ணெயில் போட்டால் வால்கூட முறுகும். முன்பெல்லாம் முதல் பனிக்கட்டி கால் தாங்குகிற அளவுக்கு இறுகியதுமே அவர் பிடித்து வந்துவிடுவார். பனிக்கட்டியில் துளை போடுவதும் மீன் பிடிப்பதும் அவர் வேலை, அரிவதும் பொரிப்பதும் இவள் வேலை. கல்யாணம் ஆனதிலிருந்து இதுதான் ஏற்பாடு.

“ஏரிக்குப் போயிட்டு வரேன். ஜன்னல்லேருந்து தெரியற இடத்துலதான் உக்காருவேன், பயப்படாத,” என்று அவருடைய மடியில் போர்வையைச் செருகினாள்.

“ஆமா.”

கொட்டகையில் மோட்டார் வைத்த பெரிய துளைத்திருகு இருந்தது. அதை அவளால் தரையிலிருந்துகூடக் கிளப்ப முடியவில்லை. கையால் சுற்றுகிற சின்னத் திருகை எடுத்துக்கொண்டாள். அது ஒரு காபித் தட்டு அகலத்துக்குத்தான் துளை போடும். ஆர்வோ அதைத் தொடவே மாட்டார். சட்டிமீனுக்குப் போனாலும் பெரிய துளைதான் போடுவார். ‘உள்ளங்கை மீனுக்கு எதுக்கு இவ்வளவு பெரிய வாசல்?’ என்று ஐலி கேலி செய்வாள். ‘யாரு எப்ப வருவாங்கன்னு தெரியாது. வரவங்க வாசல்ல இடிச்சுக்கக்கூடாது,’ என்பார். அப்போதெல்லாம் அவருக்கு நிறைய வார்த்தைகள் இருந்தன.

வாளி, குட்டைத் தூண்டில், புழு டப்பி, கடப்பாரை, காபி பிளாஸ்க், எல்லாவற்றையும் சறுக்குப் பலகையில் வைத்து இழுத்துக்கொண்டு போனாள். கடப்பாரையால் முன்னே தட்டித் தட்டிப் பார்த்துத்தான் நடந்தாள். பனிக்கட்டி ஒரு சாணுக்குக் குறையாமல் இருந்தது. ஓரினின் கூடாரத்துக்குள்ளிருந்து ரேடியோ அலறியது. பள்ளிக்கூடப் பையன்களின் ஹாக்கி ஆட்டம்.

“ஓரின்,” என்று கூப்பிட்டுப் பார்த்தாள். யாரோ கோல் போட்டதில் அது அமுங்கிப்போயிற்று.

துளை போட்டு, மிதந்த பனித்தூளை அரிகரண்டியால் அள்ளிக் கொட்டிவிட்டு, வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தாள். ஜன்னல் பக்கம் கையை ஆட்டினாள். கண்ணாடியில் வானம்தான் தெரிந்தது.

மீன் நன்றாகவே கடித்தது. வெளிச்சம் சாயப் போகிற நேரம் அவற்றுக்குப் பசிக்கும். தக்கை லேசாக நடுங்கும், பிறகு அமுங்கும், சுண்டினால் ஒன்று. பனிமேல் போட்டதும் இரண்டு துள்ளு துள்ளிவிட்டு அப்படியே விறைத்துப்போகும். ஒரு வேளைக்குப் போதும் என்கிற அளவுக்குச் சேர்ந்ததும், இன்னும் ஒன்று பிடித்துவிட்டுக் கிளம்பலாம் என்று நினைத்தாள். அந்த ஒன்றும் கடித்தது. கை விறைத்திருந்தது. மீன் எங்கே போய்விடப்போகிறது, ஒரு வாய் காபி குடித்துவிட்டுத் தூக்கலாம் என்று தூண்டிலைக் காலுக்கடியில் வைத்துவிட்டு பிளாஸ்க் மூடியைத் திருகினாள்.

மாட்டிய சின்ன மீனைக் கீழே தொங்கவிடக்கூடாது. இது அந்த ஏரிக்கரையில் குழந்தைக்கும் தெரியும். அது அங்கே துடிக்கிற துடிப்பு, கீழே சும்மா கிடப்பவனை எழுப்பிவிடும்.

தூண்டில் காலுக்கடியிலிருந்து நகர்ந்தது. ஐலி காபியைக் கீழே போட்டுவிட்டு அதைப் பிடித்தாள். மறுமுனையில் துடிப்பு இல்லை. கனம் மட்டும் இருந்தது, யாரோ ஈரத் துணிமூட்டையைக் கட்டித் தொங்கவிட்ட மாதிரி. பிறகு அந்த மூட்டை நிதானமாக நடந்து போயிற்று.

ஈட்டிவாயன், சின்ன மீன்களை வேட்டையாடித் தின்கிற பெரிய மீன். அவளுக்குத் தெரிந்துவிட்டது. சின்ன மீனைக் குறுக்காகக் கவ்விக்கொண்டு போகிறான். தூண்டில் அவன் வாயில் மாட்டியே இருக்காது. கவ்வினதை விட மனசில்லாமல்தான் கூடவே வருகிறான். வாயைத் திறந்தால் போதும், போய்விடலாம். திறக்க மாட்டான். இந்த மீனைப்பற்றி ஆர்வோ எத்தனை ராத்திரி பேசியிருப்பார். வெடுக்கென்று இழுக்காதே, கொஞ்சம் கொடு, கொஞ்சம் வாங்கு, அவனுக்குச் சந்தேகம் வராமல் மேலே கூட்டிக்கொண்டு வா.

கொடுத்தாள், வாங்கினாள். எவ்வளவு நேரம் என்று தெரியாது. கடைசியில் துளைக்கு அடியில் ஒரு பச்சை நிழல் வந்து நின்றது. வாத்து மூக்கு மாதிரி நீண்ட வாய், அதில் குறுக்காகச் சட்டிமீன். அந்தத் தலையே துளையை அடைத்தது.

நியாயமாக அவள் விட்டிருக்க வேண்டும். ஆனால் ஜன்னலுக்கு அந்தப் பக்கம் ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்கிற நினைப்பு. கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டு, குப்புறப் படுத்து, முழங்கை வரை தண்ணீரில் விட்டு, செவுள் மூடிக்கு அடியில் விரல்களைச் செருகிவிட்டாள். மீன் ஒரு முறை உதறியது. விரல்கள் உள்ளே போய், செவுளின் முள்சீப்பில் மாட்டிக்கொண்டன. மேலே இழுத்தால் குறுக்கே கிடந்த சட்டிமீன் பனிக்கட்டியின் அடிவிளிம்பில் முட்டியது. கையை உருவினால் விரல் கிழிந்தது. தண்ணீரில் சிவப்பு நூல்மாதிரி கொஞ்சம் ரத்தம் மிதந்து வந்தது.

“ஓரின்,” என்று கத்தினாள். ரேடியோவில் யாரோ யாரையோ தள்ளிவிட்டதற்குக் கூட்டம் கூவிக்கொண்டிருந்தது.

கன்னத்தைப் பனிக்கட்டியில் வைத்துக்கொண்டு அப்படியே கிடந்தாள். மீனும் கிடந்தது. இரண்டு பேருக்குமே போக வழியில்லை. கை தோள் வரைக்கும் மரத்துக்கொண்டு வந்தது. இதைத் தூரத்திலிருந்து பார்த்தால் எப்படி இருக்கும் என்று அவள் யோசிக்கவில்லை. ஒரு கிழவி ஏரிக்கு நடுவில் குப்புற விழுந்து கிடக்கிறாள், எழுந்திருக்கவில்லை. அப்படித்தான் இருந்திருக்கும்.

கொஞ்ச நேரம் கழித்துப் பனிக்கட்டிக்குள் ஒரு கிரீச்சொலி ஓடி வந்து அவள் காதில் ஏறியது. இரும்புச் சறுக்குக்கட்டை உராய்கிற சத்தம். ஓரின்தான் என்று நினைத்துத் தலையைத் திருப்பினாள். முதலில் தெரிந்தது ஒரு கால் பூட்ஸ், ஒரு கால் வீட்டுச் செருப்பு.

ஆர்வோ. தாழ்வாரத்தில் கிடந்த உதைவண்டியைத் தள்ளிக்கொண்டு வந்திருந்தார். முன்னால் சின்ன நாற்காலி, பின்னால் நீளமாக இரண்டு சறுக்குக்கட்டை. சின்ன வயதில் பள்ளிக்கூடத்துக்குப் போன வண்டி. இடது கையால் பிடித்து, இடது காலால் உந்தி, வலது காலை ஒரு சாமானைப்போல இழுத்துக்கொண்டு வந்திருக்கிறார். கோட்டில் ஒரு கைதான் நுழைந்திருந்தது. தொப்பி இல்லை. முதுகெல்லாம் பனி, வழியில் எங்கேயோ விழுந்து எழுந்திருக்கிறார். வாயிலிருந்து புகை வந்தது.

அவள் கண்ணைத் திறந்து பார்ப்பதைப் பார்த்ததும் அவருடைய முகம் ஒரு பக்கமாக உடைந்தது.

“ஆமா,” என்றார். பிறகு கோபம் வந்துவிட்டது. “ஆமா, ஆமா, ஆமா.”

“நான் சாகல. கத்தாத. கையில மீன் இருக்கு.”

அவர் வண்டியைப் பக்கத்தில் தள்ளி, அதன் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்து துளைக்குள் எட்டிப் பார்த்தார். மீனைப் பார்த்தார். துளையின் அகலத்தைப் பார்த்தார். ஐலியைப் பார்த்தார்.

“ஆமா,” என்றார், ரொம்ப நிதானமாக.

“தெரியும். பெரிய வாசல் போட்டிருக்கணும். சொல்லிக்காட்ட இதுதான் நேரமா?”

“ஆமா.”

“கடப்பாரை எடு. கை போயிடும் எனக்கு.”

இடது கையுறையைப் பல்லால் உருவி மடியில் போட்டார். கடப்பாரையின் தலையில் ஒரு கயிற்று வளையம் உண்டு. அதை மணிக்கட்டில் மாட்டாமல் பனியைக் குத்தினால், உடைகிற நேரத்தில் கடப்பாரை வழுக்கி ஏரிக்கடியில் போய்விடும். ஓரின் அப்படி இரண்டைத் தாரை வார்த்திருக்கிறார், அதற்காக இன்றுவரை ஏச்சு வாங்குகிறார். ஆர்வோ வளையத்தைப் பல்லால் இழுத்து மணிக்கட்டில் ஏற்றிக்கொண்டுதான் மறுவேலை பார்த்தார்.

கடப்பாரையைத் தூக்கினார். தண்ணீருக்குள் அவள் கை இருக்கிற பக்கத்துக்கு எதிர்ப்பக்கம். தூக்கிய கை ஆடியது. வலது கைக்காரர் அவர். இடது கையால் அதுவரை முட்டைகூட உடைத்தது கிடையாது.

“கண்ணை மூடிக்கறேன்,” என்றாள் ஐலி. “குத்து.”

டங்கென்று விழுந்தது. ஒரு சில்லு தெறித்து அவள் கன்னத்தில் பட்டது. இன்னொன்று. கொஞ்சம் கொஞ்சமாக, சீப்பு வைத்து வாருவதுபோல ஒரே வரிசையில் குத்திக்கொண்டு போனார். குறி ஆடியது, ஆனால் அவள் பக்கமாக ஒரு தடவைகூட ஆடவில்லை. மூடிய கண்ணுக்குள் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருக்கும்போதுதான், இவ்வளவு தூரம் நடந்து வந்த மனிதனையா நாளைக்குப் பெட்டி கட்டி அனுப்பப் போகிறோம் என்று அவளுக்கு உறைத்தது.

“ஆர்வோ. நாளைக்கு மார்சி வரா. உன்னைக் கூட்டிட்டுப் போக.”

“ஆமா.”

“நீ போறேன்னு சொன்னன்னு அவ நினைச்சிட்டிருக்கா. நானும் அப்படியே வெச்சுக்கிட்டேன். எனக்கு இடுப்பு வலி. தூக்கம் இல்ல. நீ சொன்னதா வெச்சுக்கிட்டா எனக்குச் சுலபமா இருந்துச்சு.”

கடப்பாரை நின்றது. அவள் கண்ணைத் திறந்தாள்.

“இப்ப ஒழுங்காக் கேக்கறேன். போகணும்னா ஆமான்னு சொல்லு. போக வேண்டாம்னா ஒண்ணும் சொல்லாத. வாயைத் திறக்காம இரு. போறியா?”

அவருடைய உதடு அசைந்தது. தொண்டையிலிருந்து அது கிளம்பி வருவது அவளுக்கே தெரிந்தது. ஆர்வோ கடப்பாரையை மடியில் சாய்த்தார். அங்கே கிடந்த கையுறையை அள்ளி அப்படியே வாய்க்குள் திணித்துக் கடித்துக்கொண்டார். கம்பளி நூல் பல்லிடுக்கில் பிதுங்கியது. கன்னம் உப்பிக்கொண்டு, கண் நிறைந்து, அவளையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். மூக்கு மட்டும் புகை விட்டது.

கூடாரத்தில் ஆட்டம் ஓடிக்கொண்டிருந்தது.

ஐலி வேண்டுமென்றே இன்னும் கொஞ்ச நேரம் காத்தாள். கையுறை வெளியே வரவில்லை.

“சரி,” என்றாள். “பசிக்குதா உனக்கு?”

அவர் கையுறையை வாயிலிருந்து எடுத்தார்.

“ஆமா.”

“அப்ப குத்து. ஆனா ஒண்ணு, இருக்கணும்னா நடக்கணும். அந்தப் பொண்ணு வந்தா ஆமான்னு சொல்லிட்டு மரம் மாதிரி உக்காரக்கூடாது. என்னால உன்னைத் தினம் தூக்க முடியாது. புரியுதா?”

“ஆமா,” என்றார். இந்த ஒன்றை மட்டும் நம்புவதென்று அவள் முடிவு செய்தாள்.

நாலைந்து குத்தில் விளிம்பு விரிந்தது. கடைசிக் குத்தில் ஒரு பாளம் அப்படியே உடைந்து உள்ளே சாய, கடப்பாரையும் அதோடு நழுவிற்று. மணிக்கட்டுக் கயிறு அதைப் பிடித்து நிறுத்தியது. தண்ணீர் குபுக்கென்று மேலே ஏறி அவள் கோட்டை நனைத்தது. ஐலி பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தாள். தலை வந்தது, பிறகு முதுகு, பிறகு முடிவே இல்லாமல் உடம்பு வந்துகொண்டேயிருந்தது. பனிமேல் விழுந்ததும்தான் ஈட்டிவாயன் சட்டிமீனைத் துப்பினான். வாலை ஓங்கி அடித்துத் துளையை நோக்கிப் புரண்டான். ஐலியின் கையில் உணர்ச்சியே இல்லை, பிடிக்க முடியவில்லை. ஆர்வோ நாற்காலியிலிருந்து அப்படியே சரிந்து மீன்மேல் முழு உடம்போடு விழுந்தார்.

ஆட்டத்தின் இடைவேளைக்கு ஓரின் கூடாரத்தை விட்டு வெளியே வந்தபோது பார்த்தது இதைத்தான். அண்டை வீட்டுப் புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரும் ஏரிமேல் படுத்துக்கிடக்கிறார்கள், நடுவில் ஒரு வால் அடித்துக்கொண்டிருக்கிறது.

“ஏம்மா ஐலி, வீட்ல கட்டில் இல்லையா உங்களுக்கு?”

“வந்து தூக்குறியா, இல்ல அங்கயே நின்னு பேசப்போறியா?”

ஓரின் ஓடி வந்தார். ஆர்வோவைப் புரட்டி உட்கார வைத்து, தன் தொப்பியைக் கழற்றி அவர் தலையில் மாட்டிவிட்டு, அப்புறம்தான் மீனைப் பார்த்தார்.

“இது என் மீனுய்யா. மூணு வருஷமா என் சட்டிமீனையெல்லாம் தின்னு வளந்தவன். என் செலவுல வளந்த பிள்ளையை இவன் கட்டிப்பிடிச்சுட்டுப் படுத்திருக்கான்.” பிறகு துளையைப் பார்த்தார். “இந்த ஓட்டையிலயா எடுத்தீங்க? யாரு குத்தினது?”

ஐலி ஆர்வோவைக் காட்டினாள்.

ஓரின் அவருடைய இடது மணிக்கட்டில் தொங்கிய கயிற்றையும் கடப்பாரையையும் பார்த்துத் தலையை ஆட்டினார். “சரி, ஒத்துக்கறேன். ஆஸ்பத்திரில நீ சொன்னது செல்லாது. பெரிய மீன்காரன் நீதான்யா.”

“ஆமா,” என்றார் ஆர்வோ. இரண்டு கண்ணும் சிரித்தன. வலது கண் கொஞ்சம் தாமதமாக.

ஓரின் உதைவண்டியைத் தள்ளினார். நாற்காலியில் ஆர்வோ, அவர் மடியில் மீன். பாதி மேட்டில் ஐலி வண்டியை நிறுத்தச் சொல்லி, அவரை இறக்கி, படி வரைக்கும் நடக்க வைத்தாள். ஓரினின் தோள் ஒரு பக்கம், அவளுடையது ஒரு பக்கம். நடந்தார், முனகிக்கொண்டே.

வீட்டுக்குள் வந்ததும் சானா என்கிற நீராவிக் குளியலறையைச் சூடாக்கி, ஐலியும் ஆர்வோவும் நடுக்கம் போகும்வரை அதில் உட்கார்ந்தார்கள். ஐலியின் விரல்களில் கட்டுப் போட்டிருந்ததால் அன்றைக்குச் சட்டிமீனை அரிந்தது ஓரின்தான். வெண்ணெயில் பொரித்துக் ரை தானிய ரொட்டியோடு தின்றார்கள். ஆர்வோ தட்டின் விளிம்பில் முள்ளை ஒழுங்காக அடுக்கி வைத்துவிட்டு, இன்னொன்றுக்குத் தட்டை நீட்டினார். துப்பப்பட்ட அந்த ஒரு சட்டிமீனையும், உடம்பு முழுக்கப் பல் பதிந்திருந்ததை, விடாமல் பொரித்தார்கள்.

மறுநாள் காலை மார்சி வந்தாள். ஐலி அவளுக்குக் காபி ஊற்றிக் கொடுத்து, எப்படிக் கேட்க வேண்டும் என்று சொன்னாள். மார்சி கேட்டாள். ஆர்வோ கையுறையை எடுத்து வாயில் கடித்துக்கொண்டார். மார்சி இல்லத்துக்குப் போன் செய்து, அந்தப் படுக்கையை வேறு யாருக்காவது கொடுத்துவிடச் சொன்னாள்.